பப்பாளி மரம் நின்ற அறை

கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவிலுள்ள ஜாம்பியானிக்குப் போன முதல் வாரத்திலேயே, அந்த ஊர்ப் பெண்மணி ஒருவருக்குக் கீற்று முடையச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தவன் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மட்டையிலிருந்து உரித்த தென்னோலை பக்கத்தில் குவிந்து கிடந்தது. மடியில் ஒரு முழத்துக்குச் சற்றே நீளமான குச்சி. ஒரு ஓலையை எடுத்துக் குச்சியின் மேல் மடித்துப் போடுவார், இரண்டு நுனியும் கீழே தொங்கும். அதை ஒட்டி இன்னொன்று. குச்சிக்குக் கீழே ஒரு நாரை உள்ளும் வெளியுமாக விட்டுத் தைத்துக்கொண்டே போவார். முடிந்ததும் தூக்கிப் பார்த்தால் பெரிய சீப்பு மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வேதாரண்யம் பக்கத்தில் கூரை வீட்டில் வளர்ந்தவன் நான். என் அப்பாயி மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, ஓலையை உரிக்காமல் அப்படியே ஒன்றுக்குள் ஒன்றாக முடைந்து அடுக்குவாள். இந்த அம்மாள் ஓலையை உரித்து வீணாக்குகிறாரே என்று பட்டது. கீழே கிடந்த ஒரு மட்டையை எடுத்து, பாதி மறந்துபோன கையால் ஒரு சாண் முடைந்து காட்டினேன். அவர் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு என் பின்னால் கையை நீட்டினார்கள். திரும்பினேன். வேலி நெடுக, அச்சு அசலாக, என் அப்பாயியின் கிடுகு.

அதாவது, முடைகிற வித்தை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முடைந்ததை வேலிக்கும் மறைப்புக்கும் வைத்துக்கொண்டார்கள், தைத்ததைக் கூரைக்கு ஏற்றினார்கள். சுவாஹிலியில் கூரைக்கான தென்னோலைக்கு மகூட்டி என்று பெயர். அதிலும் தைத்தது ‘மகூட்டி யா வியுங்கோ’, முடைந்தது ‘மகூட்டி யா கும்பா’. அப்புறம் ஒரு மழை நாளில் ஒழுகாத கூரைக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தைத்ததில் ஓலையெல்லாம் மேலிருந்து கீழாகத் தொங்குகிறது, விழுந்த தண்ணீர் ஓலை வழியே நேராக இறங்கிவிடும். முடைந்த கிடுகில் ஓலை குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது, ஒவ்வொரு பின்னலிலும் தண்ணீர் கொஞ்சம் தயங்கி நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டு மழைக்காலம் தாண்டினால் கீற்று மாற்ற வேண்டும். இங்கே நெருக்கமாக வேய்ந்து, கூரையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் நான்கைந்து வருடம் ஓடுகிறது. இத்தனை வருடம் எங்கள் ஊரில் யாருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று அப்பாயி இருந்திருந்தால் கேட்டிருப்பேன். திட்டியிருப்பாள்.

ஜாம்பியானி, சான்சிபாரின் பெரிய தீவான உங்குஜாவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. நான் அங்கே ஒரு கடற்கரை விடுதியில் கணக்கு எழுதப் போனேன். தீவின் மேற்குப் பக்கம் மண் கண்ட பூமி. கிராம்பு, தென்னை, மா எல்லாம் செழிப்பு. எங்கள் பக்கம் அப்படியில்லை. பழைய பவளப்பாறைதான் தரை, மேலே மண் ஒரு போர்வை அளவுக்கு. கடப்பாரையைப் போட்டால் இரண்டாவது குத்திலேயே ‘டங்’ என்று கேட்கும். விவசாயத்துக்கு ஆகாத அந்தப் பாறைதான் வீடு கட்ட எல்லாமும். உடைத்தால் சுவர்க் கல். சுட்டால் சுண்ணாம்பு. பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் தட்டினால் ஜல்லி, அதற்குப் பெயர் கொக்கோட்டோ.

சுண்ணாம்பு சுடுவதை நான் ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்தேன். நம் ஊர்க் காளவாசல் மாதிரி சுற்றுச்சுவர் எதுவும் கிடையாது. திறந்த வெளியில் தென்னந்தடியும் விறகும் வட்டமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார்கள். மேலே பவளக்கல்லைக் குவித்தார்கள். நடுவில் விட்டிருந்த ஓட்டை வழியாகத் தீ. ராத்திரி முழுக்க எரிந்து, விடிந்தபோது விறகு மறைந்து வெள்ளைக் குவியல் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது. அதில் தண்ணீர் தெளித்து நீற்றி, மண்ணால் மூடி அப்படியே கிடக்க விடுகிறார்கள். எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு நல்லது என்றார் ஒரு பெரியவர். அவசரப்பட்ட சுண்ணாம்பு சுவரில் ஏறிய பிறகு பொரிந்து வெடிக்குமாம்.

நான் குடியிருந்த வீடு அந்தக் கல்லும் அந்தச் சுண்ணாம்புமாக எழுப்பியது. வீட்டுக்காரப் பாட்டியை ஊரே பீபீ என்று கூப்பிட்டது, நானும் அப்படியே. சுவர் என் முழங்கை நீளத்துக்கும் மேல் தடிமன். மத்தியானம் உள்ளே போனால் மண்பானைக்குள் போன மாதிரி இருக்கும். கட்டில் வாங்கப் போனபோதுதான் சிக்கல். தச்சர் முதலில் கேட்டது அறையின் அகலம். அளந்தேன், இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நீளம் மட்டும் இஷ்டத்துக்குப் போகிறது, ரயில் பெட்டி மாதிரி. “எல்லாப் பழைய வீடும் அதே அகலம்தான்” என்றார் தச்சர். நான் நம்பவில்லை. சான்சிபார் நகரத்துக்குப் போனபோதெல்லாம் அதன் பழைய பகுதியான கல்நகரத்து வீடுகளில் ஒரு சாக்குச் சொல்லி உள்ளே நுழைந்து காலடியால் அளந்தேன். சுல்தான் காலத்து வியாபாரி கட்டிய மாடி வீடாக இருந்தாலும், பாழடைந்து ஏழு குடித்தனம் இருக்கிற வீடாக இருந்தாலும் அதே நீளக் குறுகல்.

காரணம் மேலே இருக்கிறது. கூரையைத் தாங்குவது போரிட்டி என்கிற கழி. அது கடலோரச் சதுப்புக் காட்டில், சுரபுன்னை இனத்து மரங்களிலிருந்து வெட்டுவது. எங்கள் முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் அலையாத்தி. அது கோணல்மாணலாக வளரும், விறகுக்குத்தான் ஆகும். இந்த மரம் நேராகப் போகும், கனம், கறையான் லேசில் தொடாது. ஆனால் சுவரில் இரண்டு பக்கமும் செருகியது போக மூன்று மீட்டருக்கு மேல் நம்பிப் பாரம் ஏற்ற முடியாது. அதனால் கழி சொன்ன அகலம்தான் அறை. பணம் இருந்தாலும் அறையை அகலமாக்க முடியாது, எண்ணிக்கையைக் கூட்டலாம், மாடி போடலாம், கதவில் வேலைப்பாடு செய்யலாம். (சான்சிபார் கதவுகளைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது. நான் எழுதப்போவதில்லை.)

இந்தக் கழிகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கென்யாவின் லாமு, தான்சானியாவின் ருஃபிஜி கழிமுகம் ஆகிய இடங்களில் வெட்டியதைப் பாய்மரக் கப்பலில் ஏற்றி, தென்மேற்குக் காற்றில் அரேபியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஓமான், பஹ்ரைன், குவைத் பழைய வீடுகளின் கூரையிலும் இதே கழிதான். அங்கே மரம் ஏது? எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆட்கள் எத்தனையோ பேர். குவைத்தின் பழைய வீட்டு அறை ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்று அவர்களில் யாரிடமாவது கேட்டிருந்தால், ஆப்பிரிக்கச் சேற்றில் நின்ற ஒரு மரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். கென்யா 1982ல் இந்தக் கழி ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது ஜாம்பியானியில் சாரத்துக்கும் கைமரத்துக்கும் சவுக்குக் கழி வருகிறது. சவுக்கைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது, வேறென்ன.

போரிட்டியின் மேல் பவளக்கல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புக் காரையைக் கொட்டி, வரிசையாக ஆட்கள் நின்று மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்களாம். பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள் என்றார் பீபீ. நம் மெட்ராஸ் டெரஸ் போட்ட கொத்தனார்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

இந்த வீட்டுக்கு ஒரே எதிரி, சிமெண்ட். பீபீயின் மகன் நல்லெண்ணத்தில், நான் வருவதற்கு முன்னால், சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசிவிட்டார். புது வீடு மாதிரி வழவழவென்று இருந்ததாம். ஒரு மழைக்காலம்தான். பவளக்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் சுவர் வழியே மூச்சுவிட்டுப் போய்விடும். சிமெண்ட் வாயை அடைத்துவிடுகிறது. ஈரம் மேலே ஏறுகிறது, உப்பு பூக்கிறது, பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக் கழல்கிறது. ஒரு ராத்திரி என் தலைமாட்டிலேயே ஒரு பலகை அளவுக்கு விழுந்தது. கல்நகரத்தில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. ஒழுகும் கூரையில் இறங்கும் தண்ணீர் போரிட்டியின் நுனியை, அதுவும் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற நுனியை, முதலில் தின்கிறது. 2000ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் அது. அதன் மிகப் பெரிய கட்டடம், சுல்தான் பர்காஷ் 1883ல் கட்டிய ‘அதிசய மாளிகை’. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2020 கிறிஸ்துமஸ் அன்று அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

சரி, கல்வீடு வசதிக்காரர்களின் கதை. பெரும்பாலான ஜனங்கள் அப்படி வாழவில்லை. சான்சிபார் நகரத்தில் பழைய ஓடைக்கு அந்தப்புறம் இருந்த குடியிருப்புக்கு ‘ஙாம்போ’ என்று பெயர், ‘மறுகரை’ என்று பொருள். (ங-வில் தொடங்குகிற ஓர் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதும் பாக்கியம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.) மறுகரை முழுக்க மண் வீடுகளாக இருந்தது. சுல்தான் ஆட்சியைக் கவிழ்த்த 1964 புரட்சிக்குப் பிறகு அதில் ஒரு பகுதியை இடித்து, கிழக்கு ஜெர்மனி உதவியோடு மிச்சென்சானியில் தெரு நீளத்துக்கு அடுக்குமாடிகள் கட்டினார்கள். நான் பார்த்தவரை அவற்றின் படிக்கட்டடியில் ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்து மறுபடியும் திண்ணை செய்துகொண்டிருக்கிறார்கள்.

திண்ணை என்றேனே, சுவாஹிலி வீட்டின் அமைப்பை ஒரு தமிழருக்கு விளக்க அரை நிமிடம் போதும். முன்னால் திண்ணை, அதற்குப் பராசா என்று பெயர். உள்ளே நுழைந்தால் நடுவில் ரேழி நேராகப் பின்கட்டுக்குப் போகும். ரேழிக்கு இரு பக்கமும் அறைகள். கடைசியில் கொல்லை, அதில் அடுப்படியும் கழிப்பிடமும். தான்சானியாவின் பெருநகரமான தாருஸ்ஸலாமின் கரியாக்கோ பகுதியிலும் இதே அச்சுத்தான். அங்கே ஒவ்வோர் அறையிலும் ஒரு குடித்தனம் வைத்து வாடகை வாங்குவார்கள். வித்தியாசம் என்னவென்றால், நம் ஊரில் திண்ணை போய் காம்பவுண்டு கேட் வந்துவிட்டது. அங்கே சிமெண்ட் வீடு கட்டினாலும் பராசாவை விடுவதில்லை.

மண் வீடு கட்டுவதில் என்னை ஆச்சரியப்படுத்தியது வரிசை. கூரை முதலில், சுவர் பிறகு. என் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பையன் கல்யாணத்துக்கு முன் வீடு கட்டினான். குழி தோண்டிக் கழிகளை நட்டார்கள். அதன்மேல் கூரைச் சட்டம், அதன்மேல் மகூட்டி. சுவர் இல்லாத அந்த வீடு ஒரு மாதம் குடை மாதிரி நின்றது. அந்த நிழலில் உட்கார்ந்துதான் மிச்ச வேலை. நட்ட கழிகளுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் குறுக்காக வரிச்சு கட்டினார்கள். கட்டியது தேங்காய் நார்க் கயிற்றால். அந்த நாருக்கான மட்டைகளைக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், குழி தோண்டிப் புதைத்து மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். பெண்கள் அதைத் தோண்டியெடுத்துத் தடியால் அடிக்கும் நாளில் காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பிடிக்கும். அப்புறம் இரண்டு வரிச்சுக்கும் நடுவில் சின்னச் சின்னப் பவளக்கல்லை நிரப்பி, குழைத்த செம்மண்ணைக் கையால் அறைந்தார்கள். அறைவது என்றால் நிஜமாகவே அறைவது. அதற்குக் கூட்டம் கூடிவிட்டது, நானும் போனேன். சட்டை போனது. மண் காய்ந்து வெடித்த பிறகு இன்னொரு பூச்சு, வசதி இருந்தால் மேலே சுண்ணாம்பு.

மார்ச்சிலிருந்து மே வரை பெய்யும் பெருமழைக்கு மசிக்கா என்று பெயர். அந்த மழை சாரலாக அடிக்கும்போது சுவரின் கீழ்ப்பக்கம் கரைந்து எலும்பு மாதிரி வரிச்சு தெரியும். மழை நின்றதும் திரும்ப மண் பூச வேண்டும். வருடா வருடம். விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இந்த வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு, “இவ்வளவு அழகாக, இயற்கையோடு இயைந்து இருக்கிறதே, ஏன் சிமெண்டுக்கு மாறுகிறார்கள்?” என்று என்னிடம் அங்கலாய்ப்பார்கள். கூரை வீட்டில் பூரான் விழுந்து எழுந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பீபீயிடம் இதைச் சொன்னேன். “மண் வீடு வருஷத்துக்கு ஒரு தடவை என் முதுகைக் கேட்கும். எனக்கு இருப்பது ஒரு முதுகு” என்றார்.

இன்னொரு வேடிக்கை. மகூட்டிக் கூரைக்கு இன்றைக்குப் பெரிய வாடிக்கை விடுதிகள்தான். நான் வேலை பார்த்த இடத்தில் சாப்பாட்டுக்கூடத்தின் கூரை ஒரு கோயில் மண்டபத்து உயரம், அத்தனையும் தைத்த ஓலை. அதை மாற்றிய வருடத்துச் செலவுக் கணக்கை நானே எழுதினேன். ஓலை தைத்துக் கொடுத்த பெண்களின் வீட்டுக் கூரையில் தகரம் மின்னியது. அவர்கள் புத்திசாலிகள், அவ்வளவுதான்.

தகரத்துக்கு மபாட்டி என்று பெயர். தகரம் வருவதற்கு முன்பும் தகரம் இருந்தது: மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்துக் கூரை போடுவது கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க ஒரு காலத்து வழக்கம். இப்போது ஆண்கள் கூடும் இடத்தில் பந்தைப் பற்றிப் பேசாத நேரத்தில் பேசுவது ‘கேஜ்’ பற்றித்தான். 28 கேஜா, 30 கேஜா? எண் சின்னதானால் தகடு தடிமன். வெயிலில் அதன் கீழே உட்கார முடியாது. மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கடற்காற்றில் ஆணி அடித்த இடத்திலிருந்து துரு கிளம்பும். எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை போட்டால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு யாரும் ஓலை உரிக்க வேண்டாம், ஒரு நெருப்புப் பொறிக்குப் பயப்பட வேண்டாம்.

சுவருக்கு டொஃபாலி, அதாவது சிமெண்டுக் கல், பெரும்பாலும் ஆறங்குலம். சிமெண்டு மூட்டையில் ஒட்டகச்சிவிங்கி போட்டிருந்தால் ட்விகா, தாருஸ்ஸலாம் பக்கத்து வாசோ குன்றிலிருந்து வருவது. சிங்கம் போட்டிருந்தால் சிம்பா, தங்காவிலிருந்து. கல்லை அந்தந்த மனையிலேயே கை அச்சில் அடிக்கிறார்கள். எங்கள் தெருக் கொத்தனார், அவர்கள் பேச்சில் ஃபுண்டி, ஒரு நாள் ஒரு கல்லை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். நான்காகச் சிதறியது. “காக்கா, இது மூட்டைக்கு ஐம்பது கல் அடித்தவன் வேலை” என்றார். சுவாஹிலியில் அண்ணனுக்குக் காக்கா. கீழக்கரை, காயல்பட்டினம் ஆட்களுக்கு இதில் சிரிப்பு வராது, அவர்கள் வீட்டிலும் அண்ணன் காக்காதான். ஒரு மூட்டைக்கு முப்பதைத் தாண்டினால் வீட்டுக்காரன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு.

வீடு ஒரே மூச்சில் எழுவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. சாலையோரமெல்லாம் சுவர் எழும்பி, கூரை இல்லாமல், உள்ளே செடிகொடி மண்டிக் கிடக்கும் வீடுகள். ஏதோ கலவரத்தில் ஓடிப்போனவர்கள் வீடு என்றுகூட முதலில் நினைத்தேன். அவை எல்லாம் சேமிப்புக் கணக்கு. இப்படிப் பாதியில் நிற்கிற வீட்டுக்குப் போமா என்று பெயர். போமாவாகவே விற்கவும் வாங்கவும் செய்வார்கள். கையில் ரொக்கம் இருந்தால் யாராவது கடன் கேட்பார்கள், உறவில் ஒரு சாவு வரும், கரைந்துவிடும். கல்லாக வாங்கி அடுக்கிவிட்டால் யாரும் வந்து பாதிக் கல்லைக் கடன் கேட்க மாட்டார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வட்டி இல்லையே தவிர மற்றபடி அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

பீபீயின் மனையிலும் ஒரு போமா இருந்தது. அஸ்திவாரம் பாசிப் பணத்தில் போட்டதாம். இந்தக் கரையில் கடற்பாசி வளர்ப்பு 1989ல் தொடங்கியது, இறங்கியது பெரும்பாலும் பெண்கள். பல வீடுகளில் பெண்கள் கையில் முதல்முறையாகத் தனிக் காசு புழங்கியது அப்போதுதான். பீபீயும் வடிந்த கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றில் பாசி கட்டியவர். அந்தக் காசு அஸ்திவாரத்தோடு நின்றது, பாசி விலை இறங்கியது. சுவர் மகன் நகரத்திலிருந்து அனுப்பிய பணத்தில் மூன்று தவணையாக எழுந்தது. உற்றுப் பார்த்தால் மூன்று நிறத்தில் கல் தெரியும். இடையில் கிடந்த வருடங்களில் படுக்கையறையாக வேண்டிய இடத்தில் யாரோ துப்பிய விதையில் ஒரு பப்பாளி முளைத்து, சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

நான் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் தகரம் வந்து இறங்கியது. 28 கேஜ். தெருவே வந்து விளிம்பை நகத்தால் தட்டிப் பார்த்தது. ஃபுண்டி கைமரம் ஏற்ற ஆளோடு வந்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், வெட்டரிவாளை எடுத்தார். பீபீ திண்ணையிலிருந்து இறங்கி வந்தார். மரத்தில் ஏழு காய், மூன்று மஞ்சள் கட்டத் தொடங்கியிருந்தன. “பழுக்கட்டும்” என்றார். மசிக்கா வந்துவிடும் என்றார் ஃபுண்டி. மகனுக்குப் போன் போட்டார்கள். மகன் அம்மாவிடம் பேசிவிட்டு, ஃபுண்டியிடம் பழுக்கட்டும் என்றார்.

பதினெட்டு நாள் தகரம் சுவரில் சாய்ந்து நின்றது. முதல் பழத்தை ஃபுண்டிக்குத்தான் கொடுத்தார். தகரக் கட்டின் மேல் உட்கார்ந்து அவர் அதைச் சாப்பிட்டார், விதையைக் கவனமாகத் தெருப்பக்கம் துப்பினார்.